கேரியரில் ஒரு வாரக் காய்கறி

சைக்கிளில் கடைக்குப் போகலாம் என்று சொன்னதும் பலரும் முதலில் கேட்பது, "அவ்வளவு சாமானையும் அதுல எப்படிங்க கொண்டு வர்றது?" என்றுதான். அந்த ‘அவ்வளவு’ எவ்வளவு என்று தராசில் வைத்துப் பார்த்துவிடுவோம். நான்கு பேர் உள்ள, மூன்று வேளையும் வீட்டிலேயே சமைக்கிற குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்குத் தக்காளி 2 கிலோ, பெரிய வெங்காயம் 2 கிலோ, சின்ன வெங்காயம் அரைக் கிலோ, உருளைக்கிழங்கு 1 கிலோ, கத்தரி, வெண்டை, கேரட், பீன்ஸ் தலா அரைக் கிலோ, பூசணிக் கீற்று ஒன்று, ஐந்தாறு முருங்கைக்காய், இரண்டு கட்டு கீரை, நான்கு தேங்காய், அப்புறம் பச்சை மிளகாய், இஞ்சி, மல்லி, கறிவேப்பிலை. எல்லாம் சேர்ந்து 12, 13 கிலோ வரும். இரண்டாம் வகுப்புப் பிள்ளையைக் கேரியரில் உட்கார வைத்துப் பள்ளியில் விடுகிறவர் 20 கிலோவுக்குக் குறையாமல் ஏற்றுகிறார். அந்தச் சுமை காலை ஆட்டும், திரும்பிப் பார்க்கும், வேடிக்கை காட்டும். அசையாமல் கிடக்கும் 12 கிலோவுக்குக் கார் தேவையே இல்லை.

கார் தேவை என்ற எண்ணம் காய்கறியால் வரவில்லை, மாசச் சாமானால் வந்தது. அரிசி மூட்டை ஒன்றே 26 கிலோ. (2022 ஜூலையில், 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்த பிறகு, 25 கிலோ மூட்டை 26 ஆகிவிட்டது.) அதோடு துவரம்பருப்பு, உளுந்து, சர்க்கரை, புளி, நான்கு லிட்டர் எண்ணெய், சோப்பு என்று சேர்த்தால் 45 கிலோவைத் தொடும். இதையும் ஒரே நடையில் நாமே ஏற்றிவர வேண்டும் என்று நினைக்கும்போதுதான் டிக்கி ஞாபகத்துக்கு வருகிறது.

ஆனால் மாசச் சாமான் என்ற பழக்கமே கார் இல்லாத காலத்தில் உண்டானது. லிஸ்ட்டை எழுதி அண்ணாச்சி கடையில் கொடுத்தால் சாயங்காலம் கடைப் பையன் வீட்டில் இறக்கிவிட்டுப் போவான். பெரும்பாலும் அவன் கொண்டுவந்ததும் சைக்கிளில்தான். இன்றைக்கும் பெரும்பாலான தெருவோர மளிகைக் கடைகள் போனில் சொன்னால் அரிசியையும் எண்ணெயையும் அனுப்பி வைக்கின்றன. இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: காருக்கு ஏற்ற பட்டியலைச் சைக்கிளில் ஏற்ற முயலாதீர்கள், பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். கனமானது, கெடாதது, எந்தக் கடையில் வாங்கினாலும் ஒரே மாதிரி இருப்பது எல்லாம் மாதம் ஒருமுறை கடைக்காரர் பொறுப்பு. கண்ணால் பார்த்து, கையால் தொட்டுப் பொறுக்க வேண்டியவை உங்கள் பொறுப்பு. இந்த இரண்டாவது பட்டியல் வாரத்துக்கு இரண்டு நடையாகப் பிரிந்தால் ஒரு நடைக்கு 6, 7 கிலோதான். அதற்குப் பலமான உடம்பும் வேண்டாம், விலை உயர்ந்த சைக்கிளும் வேண்டாம்.

காரின் கணக்கையும் நேர்மையாகப் பார்ப்போம். 2 கிலோமீட்டர் தள்ளி உள்ள கடைக்குக் காரை எடுப்பது அந்த இயந்திரத்துக்கே ஆகாத வேலை. ஆறிக் கிடக்கும் இன்ஜின் சூடேறும்வரை பெட்ரோலை அதிகமாகக் குடிக்கும். புகையில் இருக்கும் நச்சைக் குறைக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் ஒழுங்காக வேலை செய்யும். அது சூடாகிக்கொண்டிருக்கும்போதே கடை வந்துவிடும். இப்படிச் சின்னச் சின்ன ஓட்டம் மட்டுமே ஓடும் காரின் சைலன்சரில் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். பேட்டரியிலும் சார்ஜ் முழுதாக ஏறாது.

பணக் கணக்கில் மட்டும் அவசரப்பட வேண்டாம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், நெரிசலில் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் போய்வர 4 கிலோமீட்டருக்கு 40 ரூபாய். வாரம் இரண்டு முறை போனாலும் மாதத்துக்கு 320 ரூபாய்தான். இந்தப் பணத்துக்காக மட்டும் யாரும் சைக்கிளுக்கு மாற வேண்டியதில்லை. காரின் பெரிய செலவு கடன் தவணையும் இன்ஷூரன்ஸும் வருடா வருடம் இறங்கும் மதிப்பும்தான். வண்டி வாசலிலேயே நின்றாலும் அவை ஆகும். ஆகவே உண்மையான மிச்சம், ‘சாமான் வாங்கவாவது ஒரு கார் வேண்டாமா’ என்று யோசிக்கும் குடும்பம் அந்த யோசனையைக் கைவிடும்போதுதான் கிடைக்கும். ஏற்கெனவே ஒரு கார் உள்ள வீட்டில் இரண்டாவது கார் வாங்கும் பேச்சு எழும்போது இந்தக் கணக்கைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள்.

நேரமும் உண்டு, மன உளைச்சலும் உண்டு. மதுரையில் மளிகை மொத்தக் கடைகள் நிறைந்த கீழமாசி வீதிக்குள் காரில் போய் வண்டியை நிறுத்த இடம் தேடியவர்களுக்கு அது தெரியும். லோடு இறக்கும் வேன், தள்ளுவண்டி, மூட்டை சுமந்து குறுக்கே போகிறவர்கள். அங்கே நிற்கும் ஒவ்வொரு காரும் பின்னால் வருகிறவர்களின் வழியை அடைத்துக்கொண்டுதான் நிற்கிறது. சைக்கிளைக் கடை வாசலிலேயே ஓரமாக ஸ்டாண்டு போட்டு நிறுத்தலாம்.

டிக்கியில் இன்னொரு செலவு ஒளிந்திருக்கிறது. இடம் இருப்பதால் வாங்கிவிடுகிறோம். மூன்று கட்டு கீரை மலிவு என்று எடுத்து, ஒன்றைச் சமைத்து, இரண்டை ஃபிரிட்ஜில் வாடவிட்டுக் குப்பையில் போடுவது எத்தனை வீடுகளில் நடக்கிறது! வாரம் இரண்டு முறை கொஞ்சம் கொஞ்சமாக வாங்கும் வீட்டில் கீரை வாடுவதற்கு முன்பே வெந்துவிடும்.

"ஸ்கூட்டி இருக்கே, அது போதாதா?" என்று கேட்கலாம். நம் ஊரில் சைக்கிளுக்கு உண்மையான போட்டி கார் அல்ல, ஸ்கூட்டர்தான். கால் வைக்கும் இடத்தில் ஒரு பை, சீட்டுக்கு அடியில் ஒரு பை, கொக்கியில் ஒன்று என்று ஏற்றலாம். 5 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருந்தால் ஸ்கூட்டர் நல்லது, சந்தேகமில்லை. ஆனால் 2 கிலோமீட்டருக்குள் இரண்டுக்கும் ஆகும் நேரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது.

தூரத்தைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். நிதானமாக மிதித்தால் சைக்கிள் மணிக்கு 12 கிலோமீட்டர் போகும். அதாவது 1 கிலோமீட்டருக்கு 5 நிமிடம், 3 கிலோமீட்டருக்குக் கால் மணி நேரம். உங்கள் வீட்டை நடுவில் வைத்து 3 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் அதற்குள் 28 சதுர கிலோமீட்டர் அடங்கும். 2011-இல் விரிவாக்கப்படும் முன் மதுரை மாநகராட்சியின் மொத்தப் பரப்பே ஏறக்குறைய 52 சதுர கிலோமீட்டர்தான். பரப்பளவில் பார்த்தால் பழைய மதுரையில் பாதிக்கு மேல் அந்தக் கால் மணி நேர வட்டத்துக்குள் வந்துவிடுகிறது. சைக்கிள் எட்டாத தூரத்தில் கடை இருக்கிறது என்று சொல்லும் முன் இந்த வட்டத்தைப் போட்டுப் பாருங்கள். சென்னைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: வேளச்சேரியிலிருந்து கோயம்பேட்டுக்குச் சைக்கிளில் போகச் சொல்லவில்லை. அது லாரிகளின் சந்தை. உங்கள் வட்டத்துக்குள் இருக்கும் தெருச் சந்தை போதும்.

வட்டத்துக்குள் உழவர் சந்தை ஒன்று இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். 1999 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. விளைவித்தவரே அடையாள அட்டையோடு உட்கார்ந்து விற்பார். அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும், எலக்ட்ரானிக் தராசு இருக்கும். வியாபாரம் விடிகாலையில் சூடுபிடித்து முற்பகலுக்குள் அடங்கிவிடும். இந்த நேரம் சைக்கிளுக்கு ரொம்பவும் தோதானது: வெயில் ஏறியிருக்காது, பள்ளி, ஆபீஸ் நெரிசலும் தொடங்கியிருக்காது.

இனி சைக்கிள். புதிது வாங்க ஓடாதீர்கள். வீட்டு மாடிப்படிக்குக் கீழே, பிள்ளைக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிள் தூசி படிந்து நிற்கலாம். அதையே பழுது பார்த்து எடுங்கள். பார்க்க வேண்டியது மூன்று இடங்கள். முதலாவது கேரியர். அதன் கால்கள் பின்சக்கர அச்சு வரை இறங்கி அங்கே நட்டு போட்டு இறுக்கியிருக்க வேண்டும். சீட் கம்பியை மட்டும் கவ்விக்கொண்டு அந்தரத்தில் நிற்கும் கேரியர் 8, 10 கிலோவுக்கு மேல் தாங்காது. குலுங்கக் குலுங்கப் பக்கவாட்டில் சுழன்றுவிடும். கேரியரே இல்லாத கியர் சைக்கிளுக்குப் பட்டறையில் சொல்லி ஒன்று போட்டுக்கொள்ளலாம். இரண்டாவது ஸ்டாண்டு. சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் சைக்கிளில் சுமை ஏற்றினால் கவிழும். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் இரட்டைக்கால் ஸ்டாண்டுதான் வேண்டும். மூன்றாவது பின்சக்கர ஸ்போக்ஸ். விரலால் ஒவ்வொன்றாகச் சுண்டிப் பாருங்கள். தொளதொளவென்று இருப்பவற்றை இறுக்கி, ரிம்மில் கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள். பழைய கறுப்பு ரோட்ஸ்டர் சைக்கிள்களில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. சுமை பின்னால்தான் ஏறும் என்று தெரிந்து செய்த வேலை அது.

பார் உள்ளதா, இல்லாததா என்பதில் எனக்குத் திடமான அபிப்பிராயம் உண்டு. கேரியரில் சுமை உயர்ந்து நிற்கும்போது காலைப் பின்னால் வீசி ஏற முடியாது. பார் இல்லாத லேடீஸ் சைக்கிள் என்றால் முன்பக்கமாகவே காலை எடுத்து வைத்து ஏறலாம், சட்டென்று இறங்கலாம். ஆண்களுக்கும் சந்தைக்கு அதுதான் உகந்தது. சீட்டை, உட்கார்ந்தபடியே இரண்டு முன்னங்காலும் தரையில் படும் உயரத்துக்கு இறக்கிக்கொள்ளுங்கள். பார் இல்லாததே உகந்தது என்பதற்கு எதிரான அனுபவமும் நம்மிடம் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு, அதனால் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே கற்றுக்கொண்டார்கள். குழந்தையை உட்கார வைக்கப் பார் உதவுகிறது என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பின்னால் தண்ணீர்க் குடம், முன்னால் பிள்ளை என்று அவர்கள் ஓட்டினார்கள். யாராவது வாங்கிவந்து போடும்வரை காத்திராமல் வேண்டியதைத் தாங்களே போய் வாங்கிவர முடிந்தது. அந்தப் பெண்களை நினைக்கும்போதெல்லாம், நகரத்தில் நாம் சொல்லும் தயக்கங்களில் பாதி பழக்கமின்மையால் வருவது என்று எனக்குத் தோன்றும்.

அடுத்தது பை. இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். கேரியரின் மேல் ஒரே பையாகக் கட்டினால் எடை உயரத்தில் நிற்கும், திருப்பத்தில் தள்ளாடும். எடை எவ்வளவு தாழ்வாக, பின்அச்சுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அதற்குக் கேரியரின் இரண்டு பக்கமும் தொங்கும் இரட்டைப் பை வேண்டும். கடைகளில் கிடைக்கிறது. ஆனால் நம் ஊர்த் தையற்காரர் ஒருவர் போதும். தார்ப்பாயிலோ கெட்டிக் கேன்வாஸிலோ 30 செ.மீ. அகலம், 35 செ.மீ. உயரம், 15 செ.மீ. ஆழத்தில் இரண்டு பை. நடுவில் கேரியரின் அகலத்துக்கு ஒரு பட்டை. அந்தப் பட்டையில் கேரியர் கம்பியோடு இறுக்க நான்கு நாடா. அடியில் பழைய பிளைவுட் துண்டை நுழைத்துவிட்டால் பை தொய்யாது. சக்கரத்தைப் பார்க்கும் உள்பக்கத்திலும் ஓர் அட்டை வைக்கச் சொல்லுங்கள், ஸ்போக்ஸுக்குள் துணி போகாது. பையைக் கட்டியதும் ஏறி உட்கார்ந்து ஒரு சுற்று மிதித்துப் பாருங்கள். குதிகால் பையில் இடித்தால் நான்கு விரல்கடை பின்னுக்குத் தள்ளிக் கட்டுங்கள்.

கட்டுவதற்குப் பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூபைக் கேட்டு வாங்கி நீளமாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். சுமை குலுங்கி அமுங்கும்போது நைலான் கயிறு தளர்ந்துவிடும். டியூப் பட்டை அமுக்கத்துக்கு ஏற்பச் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் குடமோ கோழிக்கூடோ இளநீர்க் குலையோ ஏற்றும் எவர் சைக்கிளிலும் இந்தப் பட்டை சுற்றியிருப்பதைப் பார்க்கலாம்.

சந்தையில் ஏற்றும் வரிசைக்கு வருவோம். பலர் தடுமாறும் இடம் இதுதான். பையில் கனமானது அடியில் போக வேண்டும், ஆகவே கனமானதை முதலில் வாங்க வேண்டும். ஆனால் முதலில் வாங்கியதைத்தான் அதிக தூரம் சுமக்க வேண்டியிருக்கும். இரட்டைப் பை இருந்தால் இந்தச் சிக்கல் தீரும். தூரத்துச் சந்தையில் காய்கறியை வாங்கி ஒரு பக்கப் பையில் போடுங்கள். வெங்காயம், உருளைக்கிழங்கு, தேங்காயை வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் வாங்கி மறுபக்கப் பையில் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கனமாக வர வேண்டியிருந்தால் பையில் இருப்பதைப் பாதி பாதியாக மாற்றிவிட்டு ஓட்டுங்கள். ஓரிரு கிலோ வித்தியாசம் தெரியாது, நான்கு கிலோ தெரியும்.

எல்லாவற்றையும் ஒரே சந்தையில் வாங்கும் நாளில் விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

"அக்கா, வெங்காயத்த மொதல்ல போட்டுருங்க. தக்காளி கடைசியா வாங்கிக்கிறேன்."

"எதுல வந்திருக்கீக?"

"சைக்கிள்லதாங்க்கா."

"அப்ப பழமா வேண்டாம், செங்காயாப் பொறுக்கித் தாரேன். நசுங்காது, நாலு நாளைக்கும் வரும்."

இப்படிப் பொறுக்கித் தருகிறவர் இருக்கும்போது அதை வாங்கிக்கொள்ளத் தெரிய வேண்டும். செங்காய்த் தக்காளி சைக்கிள் குலுக்கலுக்கு நன்றாகத் தாங்கும். அடியில் வெங்காயம், உருளை, தேங்காய், பூசணி. அதற்கு மேல் கத்தரி, கேரட், பீன்ஸ். வெண்டையைச் செருகி அடைக்காதீர்கள், முனை ஒடிந்து அந்த இடம் கறுத்துவிடும். தக்காளி மேலே, தனிப் பையில். முருங்கைக்காயை மடக்காமல் கேரியரின் மேல் நீளவாக்கில் வைத்து டியூப் பட்டையால் கட்டுங்கள், நுனி உங்கள் முதுகைக் குத்தாமல் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கட்டும். கீரைக் கட்டை ஈரத்துணியில் சுற்றி எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் அரை மணி நேர வெயில் போதும், முளைக்கீரை துவண்டுவிடும். துணிப்பைகளைக் கையோடு கொண்டுபோங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அது சட்டத்தின் காரணம். சைக்கிள்காரருக்குச் சொந்தக் காரணமும் உண்டு. மெல்லிய கவர் கிழிந்து சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் செயினும் ஃப்ரீவீலும் சிக்கிக்கொள்ளும்.

முட்டைக்குக் கேரியர் ஆகவே ஆகாது. ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் நேராக அதில்தான் இறங்கும். டஜன் முட்டையை மூடியுள்ள டப்பாவில் பழைய துணி அடைத்து வைத்து, முதுகில் மாட்டும் பையில் போடுங்கள். வேகத்தடையில் பெடலை ஊன்றிச் சீட்டிலிருந்து லேசாக எழுந்துகொண்டால் முழங்கால் அதிர்வை வாங்கிக்கொள்ளும். இட்லி மாவுப் பாக்கெட்டுக்கும் தயிருக்கும் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு. மீன், கறி வாங்கும் நாளில் அதற்கென்று தனித் தூக்கு எடுத்துப் போய், எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக வாங்கி நேரே வீட்டுக்கு வாருங்கள்.

ஹேண்டில்பாரில் பை மாட்டும் பழக்கத்தை நான் அஞ்சுகிறேன். ஒரு பக்கம் 3 கிலோ தொங்கினால் ஹேண்டில் அந்தப் பக்கமே இழுக்கும். அதைவிட ஆபத்து, ஆடும் பை முன்சக்கரக் கம்பிகளுக்குள் நுழைவது. சக்கரம் சட்டென்று நின்று, ஓட்டுகிறவர் தலைகுப்புற விழுவார். மாட்டியே ஆக வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் சமமாக, ஒரு கிலோவுக்கு மேல் போகாமல், சக்கரத்துக்கு எட்டாதபடி காதைச் சுருக்கிக் கட்டி மாட்டுங்கள். முன்னால் கூடை பொருத்திக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. மல்லி, கறிவேப்பிலை, பர்ஸ், பூட்டு எல்லாம் அதில் போகும். சேலையும் துப்பட்டாவும் இதே காரணத்துக்காகச் செருகியிருக்க வேண்டும், பின்சக்கரத்துக்குச் சேலை கார்டு இருக்க வேண்டும்.

சுமையோடு ஓட்டுவது வேறு ஓட்டம். புறப்படும்போது தள்ளாடும், ஐந்தாறு மிதியில் நேராகிவிடும். ஆகவே பஸ்ஸுக்கு முன்னால் புறப்படாமல், அது போகட்டும் என்று நின்று புறப்படுங்கள். பிரேக் பிடித்தால் வழக்கத்தைவிடத் தள்ளித்தான் நிற்கும், முன்கூட்டியே பிடியுங்கள். ஸ்டீல் ரிம் உள்ள சைக்கிளில் மழை நாளில் முதல் பிடிக்குப் பிரேக் கட்டை வழுக்கும். ரிம்மில் உள்ள தண்ணீரைத் துடைத்த பிறகுதான் கவ்வும். சாலையின் விளிம்பை ஒட்டி ஓட்டாதீர்கள். அங்கே மணலும் உடைந்த ஜல்லியும் கிடக்கும், நிற்கும் கார்களின் கதவு திடீரென்று திறக்கும். விளிம்பிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உள்ளே தள்ளி நேர்கோட்டில் ஓட்டினால் பின்னால் வருகிறவர் உங்களைப் பார்த்து விலகுவார். மேம்பாலத்தில் மூச்சு வாங்கினால் இறங்கி உருட்டுங்கள்.

உருட்டுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சைக்கிள் என்றால் ஏறி ஓட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. அதையே கைவண்டியாகவும் பயன்படுத்தலாம். ரேஷன் கடை பெரும்பாலும் நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கும். அங்கே 20 கிலோ அரிசியும் பருப்பும் பாமாயிலும் வாங்கும் நாளில், அரிசியை இரண்டு சாக்கில் பத்துப் பத்துக் கிலோவாகப் பிரித்து இரட்டைப் பையில் போட்டு உருட்டிக்கொண்டே வரலாம். தோளிலும் இடுப்பிலும் சுமந்து வரும் பாட்டிகளைப் பார்க்கும்போது இதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஓட்டத் தெரியாதவரும் உருட்டலாம்.

கேஸ் சிலிண்டர் போடும் தம்பிகளைப் பார்த்து அதே போல ஏற்றிவிடாதீர்கள். 14.2 கிலோ வாயுவும் இரும்பும் சேர்ந்து ஒரு சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. கேரியரின் இரண்டு பக்கமும் கொக்கியில் மாட்டினால் 60 கிலோ. அந்தச் சைக்கிள்களுக்குத் தடித்த கம்பி போட்டு, கூடுதல் முட்டுக் கொடுத்து, அச்சை மாற்றியிருப்பார்கள். சாதாரண சைக்கிளுக்கு 25 கிலோவை உச்சவரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரம் லேசாகித் தரையிலிருந்து எழும்பப் பார்த்தால் சுமை அதிகம் என்று அர்த்தம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி: தரை தெரியாத தண்ணீரில் சைக்கிளை விடாதீர்கள். திறந்து கிடக்கும் மூடி, தோண்டிய பள்ளம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அன்று வீட்டில் இருக்கும் பருப்பும் அப்பளமும் போதும். தூறலில் போவதற்குத் தொங்கும் மழைப் போர்வை வேண்டாம், சக்கரத்தில் மாட்டும். சட்டை, பேன்ட்டாகப் பிரிந்த மழைக்கோட்டே நல்லது.

காரோ ஆட்டோவோ வேண்டிய நாள்கள் உண்டு. விசேஷத்துக்கு மொத்தமாக வாங்கும் நாள், உடம்புக்கு முடியாதவரைக் கூட்டிக்கொண்டு போகும் நாள், குளிர் கலையாமல் கொண்டுவர வேண்டிய மருந்தோ பண்டமோ உள்ள நாள். அன்று ஆட்டோவைக் கூப்பிடுங்கள், அதில் குற்றவுணர்ச்சிக்கு இடமே இல்லை. மாதத்தில் அந்த ஓரிரு நாளுக்காக மீதி நாளெல்லாம் காரை நம்பியிருக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். மூட்டு வலி உள்ளவர்களும் மேடான ஊரில் இருப்பவர்களும் மின் சைக்கிளைப் பார்க்கலாம். மோட்டார் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டிருந்தால் பதிவெண்ணும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம்.

பராமரிப்பு கொஞ்சம்தான், ஆனால் தவறக் கூடாது. சந்தைக்குப் புறப்படும் முன் பின்டயரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். விரல் அமுங்கினால் காற்று போதாது. காற்றுக் குறைந்த டயரில் சுமை ஏற்றிப் பள்ளத்தில் விட்டால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி ஓட்டை விழும். பழைய பாணி வால்டியூப் உள்ள சக்கரத்துக்குப் பெட்ரோல் பங்க் காற்று பொருந்தாது, வீட்டில் ஒரு கைப்பம்பு வைத்திருங்கள். கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் மாதிரி வால்வுதான், பங்கிலேயே அடிக்கலாம். மாதம் ஒருமுறை செயினுக்கு எண்ணெய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரேக் கட்டையைப் பார்த்துத் தேய்ந்திருந்தால் மாற்றுவது, கேரியர் நட்டுகளை இறுக்குவது. மழைக்காலம் முடிந்ததும் பட்டறையில் கொடுத்துச் சக்கரத்தைக் கழற்றி, கோனையும் பால்களையும் துடைத்துப் புது கிரீஸ் போடச் சொல்லுங்கள். இரட்டைப் பையை மாதம் ஒருமுறை உதறிக் கழுவி வெயிலில் காயப்போடுங்கள். மடிப்பில் சிக்கி அழுகும் ஒரு தக்காளித் தோல் போதும், அடுத்த நடையில் கீரை முழுக்க அந்த வாடை ஏறிவிடும்.